க்ரூஸ் கப்பல் ஆசையும் துறைமுக வேலைகளும்

உங்கள் கடிதம் கிடைத்தது அம்மா. பிளஸ் டூவில் வணிகவியல் முடித்த மகள் க்ரூஸ் கப்பலில்தான், அதாவது உல்லாசப் பயணக் கப்பலில்தான், வேலை பார்ப்பேன் என்று நிற்கிறாள். அந்த வேலையை வாங்கித் தர ஒரு ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவளை மாதக்கணக்கில் கடலுக்கு அனுப்ப உங்களுக்கு மனம் வரவில்லை. அவள் ஆசையும் நியாயம், உங்கள் பயமும் நியாயம். ஆனால் இருவருமே கப்பலை மட்டும் பார்க்கிறீர்கள். அது புறப்படும் துறைமுகத்தையும் கொஞ்சம் பாருங்கள், அங்கேயும் அவளுக்கு ஏற்ற வேலைகள் இருக்கின்றன.

சில துறைமுகங்களுக்குக் கப்பல் காலையில் வந்து, பயணிகள் ஊரைச் சுற்றிப் பார்த்ததும் மாலையில் கிளம்பிவிடும். ஹோம் போர்ட் அப்படி இல்லை. பயணம் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் அங்கே மரினா பே க்ரூஸ் சென்டர் திறந்தார்கள். இரண்டு பெரிய கப்பல்கள் ஒரே நேரத்தில் நிற்கலாம். ஆனால் நீளமான பெர்த்தும் (கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம்) போதிய ஆழமும் இருப்பதால் மட்டும் கப்பல் நிறுவனங்கள் ஒரு ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறவர் அன்றைக்கே கப்பல் ஏறிவிடலாம், முந்தின நாளே வந்தால் தங்க ஹோட்டல்கள் உண்டு. மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் எல்லாம் ஒன்றிரண்டு இரவுத் தொலைவில் இருப்பதால் மூன்று, நான்கு நாள் பயணங்களாக விற்க முடிகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் புயலும் அரிது. கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதிலும் உலகின் முன்னணித் துறைமுகம் அது.

இதற்கெல்லாம் மேலாக நான் நினைப்பது, பயணிகள் மாறும் அந்த ஒரு நாளை அந்த ஊர் எப்படிச் சமாளிக்கிறது என்பதைத்தான். காலையில் சில ஆயிரம் பேர் பெட்டிகளோடு இறங்குவார்கள். மாலைக்குள் அதே அளவு ஆட்கள் ஏற வேண்டும். இடையில் இமிக்ரேஷன், சுங்கச் சோதனை, பெட்டிகளை ஸ்கேன் செய்து கேபின் வாரியாகப் பிரிப்பது, பயணத்துக்கான காய்கறி, இறைச்சி, குடிநீர் ஏற்றுவது, குப்பையை இறக்குவது, ஒப்பந்தம் முடிந்த ஊழியர்களை விமானத்துக்கு அனுப்பிப் புதியவர்களை ஏற்றுவது எல்லாம் நடக்கும். இதில் தாமதம் ஆனால் அடுத்த துறைமுகத்தில் வாங்கிய பெர்த் நேரமும் பாழாகும். கப்பல் ஏஜென்சி, டெர்மினல் நிர்வாகம், சப்ளை நிறுவனம், தரைவழிச் சுற்றுலா என்று இதைச் செய்கிறவர்கள் இருப்பது கரையில்தான்.

சென்னையிலும் 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இலங்கையின் அம்பாந்தோட்டை, காங்கேசன்துறை வரை போனது. விமான நிலையம் இருக்கிறது, பெரிய நகரம் இருக்கிறது, இலங்கை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் பயம். ஆண்டு முழுவதும் க்ரூஸ் கப்பல் நிற்காத ஊரில் அதை நம்பிய வேலையும் ஆண்டு முழுவதும் இருக்காது. அதனால் க்ரூஸுக்கு மட்டுமே என்று விளம்பரம் செய்யும் டிப்ளமோக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரக்குத் துறைமுகத்திலும் செல்லுபடியாகும் படிப்பாகப் பாருங்கள். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து மேலாண்மை) சார்ந்த பிபிஏ இருக்கிறது. பிறகு துறைமுக, கப்பல் மேலாண்மையில் எம்பிஏ படிக்கலாம். விருந்தோம்பலில்தான் ஆர்வம் என்றால் சென்னை தரமணியில் உள்ள ஐஎச்எம் என்ற ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி நல்ல இடம், அதற்கு என்சிஎச்எம் ஜேஇஇ என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஹோட்டலிலும் வேலை கிடைக்கும், கப்பலுக்கும் போகலாம்.

அப்புறம், லட்சக்கணக்கில் கேட்கும் அந்த ஏஜென்ட் விஷயம். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் கட்டாயம். வேலை வாங்கித் தருவதற்காக விண்ணப்பிக்கிறவரிடம் கமிஷன் வாங்குவது சட்டப்படி குற்றம். உரிம எண்ணைக் கேளுங்கள், கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அதுவரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மகளின் மதிப்பெண் பட்டியலை அனுப்பி வையுங்கள், நேரில் வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள்.