எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே?

இல்லை, இரண்டும் நேர் எதிர். ஒரு செயலின் விளைவைப் பொறுத்து அந்தச் செயல் கூடும் அல்லது குறையும். உளவியலாளர் ஸ்கின்னர் விரித்துச் சொன்ன செயல்படு ஆக்கநிலையுறுத்தல் (operant conditioning) என்ற கற்றல் முறையின் அடிப்படை இதுதான். தண்டனை செயலைக் குறைக்கும். வலுவூட்டல் எந்த வகையானாலும் கூட்டும். 'எதிர்மறை' என்பதற்கு இங்கே கெட்டது என்று பொருளில்லை, தொல்லை தரும் ஒன்று நீங்குகிறது, அவ்வளவுதான். சீட் பெல்ட் போட்டதும் காரின் எச்சரிக்கை ஒலி நிற்கிறது. அடுத்த முறை ஏறியதுமே போடுகிறோம்.

குழந்தையின் அடத்தைப் பாருங்கள். அழுதால் கேட்டது கிடைக்கிறது, குழந்தைக்கு அது நேர்மறை வலுவூட்டல். கொடுத்ததும் அழுகை நிற்கிறது, பெற்றோருக்கு அது எதிர்மறை வலுவூட்டல். ஆக, இருவருமே பழகுகிறார்கள்! பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. அப்புறம், எப்போதாவது மட்டும் விட்டுக்கொடுத்தால் அந்த அடம் மறைய இன்னும் நாளாகும்.