பொங்கல் மேடையில் சட்டமன்ற உறுப்பினருக்குப் பொன்னாடை: கலிஃபோர்னியச் சட்டம் எதுவரை இடம் தருகிறது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி பெற்ற தமிழ்ச் சங்கம் எங்களுடையது. வரும் பொங்கல் விழாவுக்கு எங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரை அழைத்து, பட்டுப் பொன்னாடை போர்த்தி, வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்றை நினைவுப் பரிசாக அளிக்க விரும்புகிறோம். செயற்குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் பதிவு பெற்ற லாபியிஸ்ட், அதாவது பிறருக்காக ஊதியம் பெற்று அரசின் முடிவுகளைத் திருப்ப அதிகாரிகளிடம் பேசுபவர். அழைப்பிலிருந்து அன்பளிப்பு வரை எல்லாவற்றையும் தாமே கவனித்துக்கொள்வதாகச் சொல்கிறார். லாபியிஸ்ட் மாதம் 10 டாலருக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று கேள்விப்பட்டோம். அந்த வரம்பு எங்கள் சங்கத்தையும் கட்டுப்படுத்துமா?

பதில்: கட்டுப்படுத்தாது. மாதம் 10 டாலர் என்ற வரம்பு லாபியிஸ்டுக்கும் லாபியிங் நிறுவனத்துக்கும் உரியது. உங்கள் சங்கத்தைப் போன்ற மற்ற அன்பளிப்பாளர் ஒருவரிடமிருந்து ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஓர் ஆண்டில் பெறக்கூடிய அன்பளிப்பின் மொத்த மதிப்பு, 2025, 2026 ஆகிய ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 630 டாலர். அந்தத் தொகைக்குள் பொன்னாடையும் விளக்கும் அடங்குமானால் சங்கம் நேரடியாகக் கொடுப்பதில் தடையில்லை. சிக்கல் விளக்கில் இல்லை. "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று மைத்துனர் சொன்னாரே, அதில்தான் இருக்கிறது.

1974 ஜூன் மாதம் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 9ஆம் முன்மொழிவை ஏற்று அரசியல் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் அப்போது மாநிலச் செயலராக இருந்த ஜெர்ரி பிரவுன். லாபியிஸ்டின் கையிலிருந்து ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு ஹாம்பர்கரும் ஒரு கோக்கும் மட்டுமே போகலாம் என்று அவர் அந்த 10 டாலருக்கு விளக்கம் சொன்னார். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த எண் ஒரு சென்ட் கூட உயரவில்லை. அந்த லாபியிஸ்டுக்குச் சம்பளம் தந்து அமர்த்தும் நிறுவனத்துக்கு இந்த 10 டாலர் வரம்பு இல்லை. அதற்குப் பொருந்துவது பொதுவான ஆண்டு வரம்புதான். இறால் பதப்படுத்தும் ஆலைக்காக மசோதா வேண்டும் என்று பொய் நிறுவனங்களை உருவாக்கி எஃப்.பி.ஐ. விரித்த வலையில் உறுப்பினர்கள் சிக்கியதைத் தொடர்ந்து, 1990இல் வந்த சட்டத்தில் அந்த ஆண்டு வரம்பு 250 டாலராகத் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கேற்ப உயர்ந்து, 2023-24இல் 590 ஆகி, இப்போது 630இல் நிற்கிறது. வேலைக்காரன் 10 டாலருக்கு மேல் ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் குற்றம், முதலாளி விருந்து வைத்தால் முறை என்பதில் என்ன நீதி என்று என்னைக் கேட்காதீர்கள். 2014இல் இந்த ஏற்பாட்டை இறுக்க முயன்ற மசோதா ஒன்று சட்டமன்றத்தைத் தாண்டி ஆளுநரின் மேசைக்குச் சென்றது. அதை வீட்டோ செய்தவர், அப்போது மறுபடியும் ஆளுநராக இருந்த அதே ஜெர்ரி பிரவுன்.

இனி மைத்துனர் விஷயம். லாபியிஸ்ட் தம் பணத்தில் கொடுப்பதை மட்டும் சட்டம் தடுத்திருந்தால், அடுத்தவர் பணத்தில் அவர் வள்ளலாகிவிடுவார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே 10 டாலருக்கு மேற்பட்ட அன்பளிப்பில் அவர் இடையாளாக நிற்பதும், வேறொருவர் கொடுப்பதற்கு அவர் ஏற்பாடு செய்வதும்கூடத் தடைக்குள் வருகின்றன. ஏற்பாடு என்றால் என்ன என்பதை ஒழுங்குவிதி விரித்துச் சொல்கிறது. அன்பளிப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, கொடுப்பவர் இல்லாத இடத்தில் அவருடைய பிரதிநிதியாக நிற்பது, அன்பளிப்பு வழங்கப்படும் நிகழ்ச்சிக்கு உறுப்பினரை அழைப்பது அல்லது அழைப்பிதழை அனுப்புவது, வருகிறீர்களா என்று கேட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசுவது, வருகையை உறுதி செய்யும் பதில் தம் பெயருக்கு வரும்படி வைத்துக்கொள்வது, செலவுத் தொகையைத் திருப்பித் தரும்போது நடுவில் நிற்பது ஆகிய அனைத்தும் ஏற்பாடுதான். உங்கள் கடிதத்தில் மைத்துனர் முன்வந்து ஏற்றுக்கொண்ட வேலைகள் ஏறக்குறைய இந்தப் பட்டியல்தான் என்பதைக் கவனியுங்கள். அவர் கூலி வாங்காமல் உறவு முறையில் செய்கிறார் என்பதாலும் இது மாறாது. அவர் சட்டமன்றத்தை அணுகுவதற்கென்று பதிவு செய்துகொண்ட லாபியிஸ்ட். விடுமுறை நாளிலும் லாபியிஸ்ட்தான். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்க, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் நியாயமான அரசியல் நடைமுறை ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தெரிந்தே பெற்றுக்கொண்ட உறுப்பினரும் சட்டத்தை மீறியவராகிறார். அதாவது, நீங்கள் சிறப்பிக்க அழைத்தவரையே உங்கள் விழா மாட்டிவிடும்.

மைத்துனர் விழாவுக்கு வரக் கூடாது என்பதில்லை. சங்கத்தின் விருந்தினராக வந்து பொங்கல் சாப்பிடட்டும், முன்வரிசையில் உட்காரட்டும். யார் யாரை அழைக்கலாம் என்று பெயர்களை உங்களுக்குச் சொல்லட்டும். அழைப்பிதழில் சங்கத் தலைவரோ செயலாளரோ கையெழுத்திட வேண்டும். பதில் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு வர வேண்டும். பொன்னாடையைச் சங்கப் பொறுப்பாளர் போர்த்த வேண்டும். மேடையில் கூட்டம் நெருக்கும்போது யார் கையில் தட்டைத் திணிப்பது என்ற குழப்பத்தில், "மாமா, நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது சொல்லி, அதை நான்கு பேர் படம் எடுத்துப் போடுவது நம் விழாக்களில் வழக்கமாக நடப்பதுதான். அது நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரை மேடையோரம் நிறுத்துங்கள்.

சங்கத்தில் உள்ள மற்றவர்கள் தாங்களும் லாபியிஸ்ட் ஆகிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. சட்டமன்றத்திலோ மாநில நிர்வாகத்திலோ முடிவுகளைத் தம் பக்கம் திருப்புவதற்காக அதிகாரிகளுடன் நேரடியாகப் பேசும் வேலைக்கு ஒரு மாதத்தில் 2,000 டாலரோ அதற்கு மேலோ பெறுபவர், அல்லது ஊழியராக இருந்து ஒரு மாதத்தின் ஊதிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அப்படிச் செலவிடுபவர்தான் அந்த வரையறைக்குள் வருகிறார். தமிழ் வகுப்பைப் பள்ளிகள் பாடக் கணக்கில் (கிரெடிட்) சேர்க்க வேண்டும் என்று உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் தன்னார்வலர் வரமாட்டார். ஐயமிருந்தால் மாநிலச் செயலரின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடலாம்.

அன்பளிப்பு என்ற கணக்கிலேயே சேராத சில பொருள்கள் உண்டு. அவற்றுள் உங்களுக்குப் பயன்படுவது, பெறுபவரின் பெயருக்கென்றே செய்யப்பட்ட, 250 டாலருக்குக் குறைந்த மதிப்புள்ள கேடயமோ கோப்பையோ. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் சங்கங்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. "தன் பெயருக்கென்று" என்பது பொருளோடு ஒட்டிய தன்மை. மரப்பலகையில் பித்தளைத் தகடு பதித்து அதில் உறுப்பினரின் பெயர், சங்கத்தின் பெயர், விழா நடந்த ஆண்டு ஆகியவற்றைப் பொறித்தால் அது கேடயம். அவரைத் தவிர வேறொருவர் வீட்டில் அதற்கு இடமில்லை. கடையில் வாங்கிய வெள்ளிக் குத்துவிளக்கின் அடித்தட்டில் பெயரைப் பொறித்துவிட்டு, இதுவும் கேடயம்தான் என்று வாதாடலாமா? என் கருத்தில் கூடாது. விளக்கு விளக்குதான், வெள்ளிக்கு எடை உண்டு, எடைக்கு விலை உண்டு, பெயரைத் தேய்த்துவிட்டு விற்றாலும் வாங்க ஆள் உண்டு. பெயரை ஒட்டுத்தாளில் அச்சிட்டுப் பின்புறம் ஒட்டுவது இன்னும் மோசம். 250 டாலர் என்பதும் "குறைவாக" என்றுதான் இருக்கிறது. ரசீது சரியாக 250 என்று காட்டினால் கேடயம் விதிவிலக்கை இழந்து முழு மதிப்போடு அன்பளிப்புக் கணக்கில் ஏறும். பொறிக்கும் வாசகத்திலும் எச்சரிக்கை வேண்டும். "தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தமைக்கு நன்றியுடன்" என்று எழுதிய கேடயத்தை எந்த வழக்கறிஞரும் தம் கட்சிக்காரரின் சுவரில் பார்க்க விரும்பமாட்டார். வாக்குக்குக் கைம்மாறாகக் கொடுத்தது என்ற நிலைக்கு விஷயம் போனால் 10 டாலர், 630 டாலர் பேச்செல்லாம் முடிந்து லஞ்சச் சட்டம் தொடங்கிவிடும். தமிழ்ப் பண்பாட்டு விழாவின் நினைவாக என்று எழுதுங்கள், போதும்.

ஆகவே என் யோசனை: விளக்கை விட்டுவிட்டுக் கேடயம் கொடுங்கள். விளக்குதான் வேண்டும் என்றால் அதன் சந்தை மதிப்பும் பொன்னாடையின் மதிப்பும் சேர்த்து எவ்வளவு என்று பாருங்கள். தி.நகரில் ரூபாயில் வாங்கியிருந்தாலும் ரசீதின் நகலை டாலர் மதிப்போடு உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஓர் ஆண்டில் ஒரே இடத்திலிருந்து வந்த அன்பளிப்புகள் 50 டாலரைத் தொட்டால் அவர் தம் பொருளாதார நலன் அறிக்கையில் உங்கள் சங்கத்தின் பெயரோடு காட்ட வேண்டும். அந்த அறிக்கையை யாரும் பார்க்கலாம். பல அலுவலகங்கள் அந்தத் தலைவலியே வேண்டாம் என்று மரியாதையாக மறுத்துவிடும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடன் வரும் உதவியாளர்களுக்கும் பெரும்பாலும் இதே லாபியிஸ்ட் தடை பொருந்துவதால், மைத்துனர் அவர்களுக்கென்று தனியாகப் பை கட்டிக் கொடுக்கவும் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: உறுப்பினர் உங்கள் விழாவில் உரையாற்றுகிறார் என்றால், விழாவை நடத்தும் சங்கமே தரும் இலவச அனுமதியும் எல்லோருக்கும் பரிமாறப்படும் உணவும் அன்பளிப்பாகாது.

இப்போது நான் சொல்லியே தீர வேண்டிய ஒன்று. மைத்துனராவது நல்ல மனதோடு வந்தவர். சங்கங்களைச் சுற்றி வேறொரு வகையினர் உலவுகிறார்கள். சமுதாயத் தொடர்பு ஆலோசகர் என்று அட்டை வைத்திருப்பார்கள். எந்த உறுப்பினரோடும் தோளில் கைபோட்ட படம் ஒன்று கைப்பேசியில் இருக்கும். அவர்கள் தரும் முதல் யோசனை, "விலை அதிகமா? பத்துக் குடும்பங்களின் பெயரில் பிரித்துக் காட்டிவிடுங்கள்" என்பது. சங்கத்தின் பணம் யார் கை வழியாகப் போனாலும் அது சங்கத்தின் அன்பளிப்புதான். மற்றொருவர் சார்பில் ஆண்டில் 50 டாலரோ அதற்கு மேலோ கொடுப்பவர், தாம் யார், பணம் யாருடையது என்ற இரண்டையும் பெறுபவரிடம் சொல்லியாக வேண்டும். பெயரைப் பிரிப்பது வரம்பைக் கூட்டாது; மறைத்த குற்றம் ஒன்றைத்தான் கூட்டும்.

இரண்டாவது யோசனை இதைவிட ஆபத்தானது: "அன்பளிப்புக்குத்தானே வரம்பு? அவருடைய தேர்தல் நிதி விருந்தில் சங்கத்தின் பெயரில் ஒரு மேசை எடுத்துவிடுங்கள்." 501(சி)(3) அமைப்பு வேட்பாளருக்கு நிதி கொடுத்தால் அதன் வரிவிலக்குத் தகுதியே ஆட்டம் காணும். எச்-1பி விசாவில் இருப்பவர் எந்த அமெரிக்கத் தேர்தலுக்கும் நிதி தரக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் தரலாம். "நீங்கள் என்னிடம் கொடுங்கள், என் பெயரில் நான் கட்டுகிறேன்" என்பது இருவரையும் சேர்த்து மூழ்கடிக்கும். தேர்தல் நிதிக் காசோலையைச் சட்டமன்றக் கட்டடத்தில் வைத்துக் கொடுப்பதும் வாங்குவதும் தனிக் குற்றம். பதிவு பெற்ற லாபியிஸ்டோ, தாம் அணுகும் சட்டமன்றத்தின் உறுப்பினருக்குத் தேர்தல் நிதியே தரக் கூடாது. இவ்வளவும் தெரிந்த தொழில்முறையாளர்களே சறுக்குகிறார்கள். சாக்ரமென்டோவில் பெரிய லாபியிங் நிறுவனம் நடத்திய ஒருவர் தம் வீட்டில் அரசியல்வாதிகளுக்காக நிதி விருந்துகள் வைத்து, விலையுயர்ந்த ஒயினும் சுருட்டும் வழங்கிய வகையில் 2014இல் 1,33,500 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. விருந்தால் பயனடைந்த பலருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் மட்டுமே போயின.

இதே மாநிலத்தில், ஒவ்வொரு நவம்பரிலும் ஹவாயின் மவுய் தீவில் கொள்கை மாநாடு என்ற பெயரில் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடுகிறார்கள். அங்கே நிறுவனப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். சில வகைப் பயணச் செலவுக்கு அன்பளிப்பு வரம்பு பொருந்தாது என்ற வாசல் அதற்காகத் திறந்தே இருக்கிறது. ஒரு பொன்னாடைக்கு நீங்கள் ரசீது தேடிக்கொண்டிருக்க வேண்டியிருப்பது உங்களுக்கு எரிச்சல் தந்தால், எனக்கும்தான்.

தவறுதலாக ஏதேனும் கைமாறிவிட்டாலும் பதற்றப்பட வேண்டாம். பயன்படுத்தாத அன்பளிப்பை உறுப்பினர் 30 நாளுக்குள் திருப்பித் தந்தாலோ, வரிச்சலுகை கோராமல் ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுத்தாலோ, அது அவர் கணக்கில் ஏறாது. அலுவலகத்திலிருந்து விளக்கு திரும்பி வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வழி உறுதி வேண்டுமென்றால், ஆணையம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. முறையான கடிதத்துக்கு 21 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் யாருடைய கடமை கேள்விக்குள்ளாகிறதோ அவருக்குத்தான் ஆலோசனை; மூன்றாமவர் பற்றியும், நடந்து முடிந்தவை பற்றியும் அவர்கள் பதில் சொல்லமாட்டார்கள். ஆகவே கடிதம் சங்கத்திலிருந்து போய்ப் பயனில்லை, உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து போக வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகள் குறுக்கே வரும் என்பதால், தைப்பொங்கலுக்கு நவம்பர் கடைசிக்குள் அவர்களிடம் விவரங்களைக் கொடுத்துவிடுங்கள். அதில் பொன்னாடையின் விலை, கேடயத்தில் பொறிக்கும் வாசகம், மேடையில் யார் கையால் கொடுக்கப்படும் என்ற மூன்றும் இருக்கட்டும். மைத்துனரின் பெயரை மறைக்காமல், அவர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.