டைமிங் மார்க் எல்லாம் சேர்கிறது, இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. கேம் டைமிங் தவறா?

ஹெட்டைக் கழற்றி, ரிங் மாற்றி, புது டைமிங் பெல்ட் (பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைப்பது) போட்டாயிற்று, மார்க் எல்லாம் நேராக நிற்கிறது, ஆனால் செல்ஃப் அடித்தால் இன்டேக் வழியாகத் துப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் பெல்ட்டை இரண்டு முறையாவது கழற்றி மாட்டியிருப்பீர்கள், வீட்டில் யாரும் உங்களோடு பேசவும் மாட்டார்கள். நான் மூன்று முறை மாட்டினேன்.

முதலில், செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். உங்களுடையது இன்டர்ஃபெரன்ஸ் இன்ஜினாக இருந்தால், டைமிங் தப்பிய நிலையில் பிஸ்டன் வால்வைத் தட்டி வளைத்துவிடும். என்னுடையது அந்த வகை இல்லை, பிழைத்தேன். ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். எங்காவது இடித்து நின்றால் பலம் காட்டாதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கார்புரேட்டர் வகை. பிரிப்பதற்கு முன் நன்றாகத்தான் ஓடியது, எண்ணெய் மட்டும் குடித்தது. ரிங், கேஸ்கட் எல்லாம் மாற்றி, கேம் மார்க்கையும் கிராங்க் புல்லி மார்க்கையும் மயிரிழை பிசகாமல் சேர்த்து, பெல்ட்டை மாட்டினேன். செல்ஃப் அடித்தால் கார்புரேட்டர் தும்முகிறது. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது) வைத்துப் பார்த்தேன்: 12 பார் பக்கம் வரவேண்டிய இடத்தில் நான்கு சிலிண்டரிலும் 6, 6 சொச்சம். ஒன்றில் மட்டும் குறைந்தால் வால்வு, ரிங், கேஸ்கட் என்று தேடலாம். நான்கும் ஒரே மாதிரி குறைந்தால் முதல் சந்தேகம் கேம் மேல்தான். (புது ரிங் படியும்வரை கொஞ்சம் குறையும் என்று சொல்ல வருகிறவர்களே, பாதியாகவா குறையும்?)

மார்க்கைப் பார்த்தால் சேர்ந்திருக்கிறது. கழற்றினேன், மாட்டினேன், மறுபடி அதே தும்மல். மூன்றாம் நாள் இரவு வெறுத்துப்போய், முதல் சிலிண்டரின் ப்ளக் ஓட்டையில் நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒன்றை விட்டு, விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கிராங்க்கைச் சுற்றினேன். ஸ்ட்ரா ஏறியது. ஏறி நின்றது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் புல்லி மார்க் சாவகாசமாக வந்து முள்ளின் நேரே நின்றது!

அந்தப் புல்லி ஒற்றை இரும்பு இல்லை. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இடையில் அதிர்வை வாங்க ரப்பர். குடம் கிராங்க் தண்டோடு சாவி (காடியில் உட்காரும் சின்ன இரும்புத் துண்டு) போட்டுப் பூட்டியிருக்கும், நகராது. ரப்பர் கிழடாகிப்போனதால் வெளி வளையம் மட்டும் வழுக்கித் திரும்பியிருந்தது. மார்க் இருப்பதோ வெளி வளையத்தில். பழைய பெல்ட் பழைய பற்களிலேயே உட்கார்ந்திருந்தவரை பொய் மார்க்கால் கெடுதல் இல்லை. நான் அதை நம்பி பெல்ட்டை மாற்றியபோதுதான் கெட்டது. என் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு (பெல்ட் ஓடும் பல்சக்கரம்) 20 பல், கேமுக்கு 40. ஒரு பல் தப்பினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி. நான் இரண்டு பல் தப்பியிருந்தேன், 36 டிகிரி. இன்டேக் வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால், மேலே ஏறும் பிஸ்டன் உறிஞ்சிய கலவையை வந்த வழியிலேயே திருப்பித் தள்ளும். அதுதான் தும்மல்.

கிராங்க் ஸ்ப்ராக்கெட்டிலேயே ஒரு மார்க் இருக்குமே, அதைப் பார்க்காதது உன் தப்பு என்று ஒருவர் நிச்சயம் வருவார். இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது, சுரண்டச் சோம்பல்பட்டேன். தப்புதான்.

ஸ்ட்ரா வைப்பதிலும் ஒரு நுணுக்கம். உச்சிக்குப் பக்கத்தில் சில டிகிரிக்கு பிஸ்டன் அசைவதே தெரியாது, அதனால் நின்ற இடம்தான் உச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏறும்போது ஸ்ட்ராவில் ஒரு கோடு ப்ளக் ஓட்டையின் விளிம்புக்கு வரும் இடத்தைப் புல்லியில் குறியுங்கள். இறங்கும்போது அதே கோடு அதே விளிம்புக்கு வரும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நட்டநடுவே உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டனின் உச்சி. ஸ்க்ரூடிரைவர் விடாதீர்கள், சாய்ந்த ஓட்டையில் சிக்கினால் பிஸ்டன் போச்சு. அந்த உச்சி கம்ப்ரஷனா எக்ஸாஸ்டா என்பதற்கு, சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2 என்றால் நான்காவது சிலிண்டரைப் பாருங்கள். அதன் இரண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து ஊசலாடினால் முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. ப்ளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை அதற்குத்தான் வைக்க வேண்டும்.

பெல்ட் மாட்டும்போது தொய்வு முழுவதும் டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளை) பக்கம் வர வேண்டும், எதிர்ப்பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். மாட்டியதும் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மார்க்கைத் திரும்பப் பாருங்கள். உங்களுடையது செயின் என்றால், அந்த நிறம் பூசிய கண்ணிகள் இரண்டு சுற்றுக்குப் பிறகு மார்க்கோடு சேராது, பதறாதீர்கள். அவை மாட்டும் நேரத்துக்கு மட்டும். ஸ்ப்ராக்கெட் மார்க் சேர்ந்தால் போதும்.

டென்ஷனர் போல்ட்டை டார்க் ரென்ச்சால் (முறுக்கும் பலத்தை எண்ணாகக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள் என்று சொல்ல வந்தேன், வயிறு எரிகிறது. என்னுடையதை மச்சான் ஒருநாள் இரவல் வாங்கிப்போய், துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்ற அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார். கழற்றுவதற்கான சாமானா அது? திருப்பித் தரும்போது "நல்ல கனமான ஸ்பேனர் மாப்பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு அது காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. விசேஷ வீடுகளில் அவருக்குப் பக்கத்தில் உட்காருவதும் இல்லை.

சரி. ஸ்ட்ரா வைத்துப் பாருங்கள். கூடவே ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி எடுத்த கம்ப்ரஷன் எண்கள் நான்கையும் எழுதுங்கள் (கையால் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்றால் மட்டும் செல்ஃபைத் தொடுங்கள்).