உறுப்பினர் அந்தக் குழுவில் இல்லை என்றால் கதை முடிந்ததா?

ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பனிக்காலத்தில் அவருடைய தெருவின் நடைபாதையைத் துப்புரவு செய்ய இயந்திரம் வருகிறது. ஆனால் அள்ளிய பனியை பஸ் தரிப்பிடத்தின் முன்னால் மேடாக ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறது. கடந்த பெப்ரவரியில் அந்த மேட்டில் கால் வைத்த அவருடைய மாமியார் சறுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. பனிக்கால வீதிப் பராமரிப்பு பற்றிய அறிக்கை ஒன்று ரொறன்ரோ மாநகர சபையின் உட்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் குழுவுக்கு வரப்போவதாக அவர் அறிந்து, தம் வட்டார உறுப்பினரின் அலுவலகத்தை அழைத்திருக்கிறார். "அவர் அந்தக் குழுவில் இல்லை, வாக்களிக்க முடியாது" என்று பதில் வந்திருக்கிறது. "குழு போனால் போகட்டும், பிறகு முழுச் சபை கூடும்போது நானே எழுந்து பேசலாம்தானே? ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது என்பதுதான் பயம்" என்று கேட்கிறார்.

முதலில் அந்தக் கடைசித் திட்டத்தைக் கைவிடுங்கள். முழுச் சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது. பார்வையாளர் பகுதியில் அமர்ந்து கேட்கலாம், முன்கூட்டியே கடிதம் அனுப்பலாம், அவ்வளவுதான். ரொறன்ரோவில் பொதுமகன் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேச வழி இருப்பது குழுக்களிலும், ஸ்காபரோ போன்ற பகுதிகளுக்கான சமூக சபைகளிலும்தான். குழுவைத் தவறவிட்டு, சபை கூடும் நாளில் காலையிலேயே நகர மண்டபத்துக்கு வந்து ஏமாந்து திரும்பிய பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கையில் நேர்த்தியாக எழுதிய உரை இருக்கும். அதைக் கேட்கத்தான் அங்கே ஆள் இருக்காது.

இனி உங்கள் உறுப்பினரின் பதிலுக்கு வருகிறேன். அது பொய் இல்லை, பாதி உண்மை. குழுவில் அங்கம் வகிக்காதவர் அங்கே வாக்களிக்க முடியாது. தம் பெயரில் பிரேரணை கொண்டுவரவும் முடியாது. ஆனால் மாநகர சபையின் நடைமுறை விதிகளின்படி எந்த உறுப்பினரும் எந்தக் குழுக் கூட்டத்துக்கும் வரலாம். வந்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கலாம், பேசவந்த பொதுமக்களைக் கேள்வி கேட்கலாம், தம் கருத்தையும் சொல்லலாம். திருத்தம் ஒன்று வேண்டுமானால் அதை எழுதி, குழுவில் இருக்கும் இன்னொரு உறுப்பினரிடம் கொடுத்து முன்வைக்கச் சொல்லலாம். இது அங்கே அன்றாடம் நடக்கிற காரியம். ஆகவே அடுத்த தடவை அழைக்கும்போது "வாக்களிப்பாரா?" என்று கேட்காதீர்கள். "அன்றைக்குக் குழுவுக்கு வருவாரா? பஸ் தரிப்பிடங்கள் பற்றி ஒரு திருத்தத்தை யார் மூலமாவது வைப்பாரா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "முடியாது" என்று சொல்லி வைத்துவிடலாம். இரண்டாவதற்கு அலுவலகத்தில் யாராவது உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

"குழு வேண்டாம், நேரே சபையில் பிரேரணை கொண்டுவருகிறேன்" என்று அவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். குழுவுக்குப் போகாமல் சபைக்கு நேரே வரும் உறுப்பினர் பிரேரணையை அன்றே எடுத்துக்கொள்ள மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். சபையில் மேயரோடு சேர்த்து 26 பேர். எல்லோரும் இருந்தால் 18 பேருடைய ஆதரவு தேவை. குழு வழியாக வந்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே மாநகரின் இணையதளத்தில் வெளியாகும். ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. உங்கள் குழுவின் விடயங்கள் ஐ.இ. என்ற எழுத்துகளோடு தொடங்கும், ஸ்காபரோ சமூக சபையின் விடயங்கள் எஸ்.சி. என்று. அந்தக் குறியீட்டையும் உங்கள் பெயரையும் எழுதி, நிரலிலேயே இருக்கும் குழுச் செயலாளரின் மின்னஞ்சலுக்குப் பேச விரும்புவதாக அனுப்ப வேண்டும். நேரில் வரலாம், வீட்டில் இருந்து காணொளி வழியாகவும் பேசலாம். பதிவு செய்வது சம்பிரதாயம் இல்லை. கூட்டத் தொடக்கத்தில் தலைவர் நிரலை வேகமாக ஒருமுறை ஓட்டுவார். பேச ஆள் பதிவாகாத, எந்த உறுப்பினரும் நிறுத்தி வைக்காத விடயங்கள் கண் இமைக்கும் நேரத்தில் நிறைவேறிவிடும். உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால் அந்த விடயம் அப்படி ஓடிப்போகாது.

பேச ஒருவருக்கு 5 நிமிடம். கூட்டம் அதிகமானால் குழு அதைக் குறைக்கலாம். ஆகவே 3 நிமிட உரையாகவே தயார் செய்யுங்கள். கடிகாரம் கண் முன்னால் ஓடும், முடிந்ததும் தலைவர் நிறுத்துவார். தலைவரை நோக்கித்தான் பேச வேண்டும். உறுப்பினர்களையோ அதிகாரிகளையோ நீங்கள் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. கை தட்டுதல், பதாகை, கூச்சல் எதுவும் கூடாது. ஒருவரைப் பெயர் சொல்லி இகழ்ந்தால் தலைவர் இடைமறிப்பார்.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு சலுகை இருக்கிறது. நீங்கள் பேசி முடித்த பிறகு உறுப்பினர்கள் உங்களைக் கேள்வி கேட்கலாம். அதற்கு நீங்கள் சொல்லும் பதில் உங்கள் 5 நிமிடத்தில் சேராது. குழுவில் இல்லாத உங்கள் உறுப்பினரும் அப்போது கேட்கலாம் என்பதை மேலே சொன்னேன். "விபத்துக்கு முன் எத்தனை முறை முறைப்பாடு செய்தீர்கள்?" என்று அவர் ஒரு கேள்வி கேட்டால் போதும், உங்களிடம் இருக்கும் சரக்கை எல்லாம் இறக்கலாம். இதை அவருடைய அலுவலகத்தோடு முதலிலேயே பேசி வையுங்கள். இதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை, நெடுங்காலமாகக் குழுக்களுக்குப் போய்வருகிற அமைப்புகள் எல்லாம் செய்வது இதைத்தான்.

அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும் அல்லவா? மாநகரின் சேவைத் தொலைபேசி இலக்கமான 311ஐ அழைத்து முறைப்பாடு செய்யும் ஒவ்வொரு முறையும் ஓர் இலக்கம் தருவார்கள். அவற்றைத் திகதியோடு எழுதி வையுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் அழைப்பின்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பனி மேட்டின் படங்கள் இருந்தால் கடிதத்தோடு முன்கூட்டியே செயலாளருக்கு அனுப்புங்கள், உறுப்பினர்கள் திரையில் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: நீங்கள் அனுப்பும் கடிதமும் உங்கள் பெயரும் பொதுப் பதிவாகிவிடும். மாமியாரின் மருத்துவ அறிக்கையை எல்லாம் அதில் இணைக்காதீர்கள். "மணிக்கட்டு முறிந்தது" என்ற இரண்டு சொல் போதும்.

ஆங்கிலத்தைப் பற்றி. 2011 ஜூலையில், அன்றைய மேயர் ரொப் ஃபோர்டின் காலத்தில், சேவைக் குறைப்புகள் பற்றி நிறைவேற்றுக் குழு கூடியது. இரவு முழுவதும், 20 மணி நேரத்துக்கும் மேல் நீடித்த கூட்டம் அது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வரிசையில் வந்து பேசினார்கள். நள்ளிரவு தாண்டிய பிறகு ஸ்காபரோவில் இருந்து வந்த ஒரு பள்ளிச் சிறுமி, நூலகங்களுக்காக அழுதுகொண்டே பேசினார். அந்த இரவில் பேசியவர்களில் மறுநாள் ஊடகங்களில் அதிகம் பேசப்பட்டவர்களில் ஒருவர் அவர். அழுங்கள் என்று சொல்ல வரவில்லை, சரளமாகப் பேசினால்தான் கேட்பார்கள் என்பதில்லை என்கிறேன். எழுதி வைத்துப் பார்த்து வாசிக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மகனோ மகளோ பக்கத்தில் அமர்ந்து மொழிபெயர்க்க வேண்டும் என்றால் அதைப் பதிவு செய்யும் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

பேச்சுகள் முடிந்ததும் உறுப்பினர்கள் அதிகாரிகளைக் கேட்பார்கள், பிறகு தங்களுக்குள் விவாதிப்பார்கள், பிறகு வாக்கெடுப்பு. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் பிரேரணை தோற்றதாகவே கொள்ளப்படும். முடிவின் சொற்களைக் கூர்ந்து கேளுங்கள். "ஏற்றுக்கொள்ளப்பட்டது", "திருத்தத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றால் பெரும்பாலும் சபைக்குப் போகும். "ஒத்திவைக்கப்பட்டது" என்றால் திகதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "தகவலுக்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்பதுதான் ஏமாற்றும். கேட்க மரியாதையாக இருக்கும். உண்மையில் கோப்பை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்கள் பலர்.

இடையில் குழு மூடிய அறைக்குள் போனால் பதற வேண்டாம். சட்ட ஆலோசனை, காணி வாங்குதல் விற்றல், தொழிலாளர் பேச்சுவார்த்தை, தனிமனிதரின் அந்தரங்கம் போன்ற குறிப்பிட்ட விடயங்களுக்கு மட்டும் 2006ஆம் ஆண்டின் ரொறன்ரோ மாநகரச் சட்டம் அதை அனுமதிக்கிறது. பனி அள்ளுவது அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் தெரு முனையில் நான்கு பக்கமும் நிறுத்தற் பலகை வேண்டும் என்று பின்குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். அது வேறு பாதை. அது ஸ்காபரோ சமூக சபைக்குப் போகும், பெரும்பாலும் அங்கேயே முடிவாகும். ஸ்காபரோவின் ஆறு வட்டார உறுப்பினர்களும் அதில் இருப்பதால் உங்கள் உறுப்பினருக்கு அங்கே வாக்கும் உண்டு, சாக்குச் சொல்ல இடமில்லை. அந்தத் தெருவில் ரி.ரி.சி. (மாநகரப் பொதுப் போக்குவரத்து) பஸ் ஓடினால் முடிவு முழுச் சபைக்குப் போகும்.

குழுவில் திருத்தம் நிறைவேறினால், சபை கூடும் திகதிக்குச் சில நாள் முன்பு உறுப்பினரின் அலுவலகத்தை மறுபடியும் அழையுங்கள். இந்த முறை "வாக்களிப்பாரா?" என்றே கேட்கலாம்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். தரிப்பிடத்தின் கம்பத்தில் ஓர் இலக்கம் இருக்கும். முதல் வரியில் உங்கள் பெயர், இரண்டாவது வரியில் அந்த இலக்கம், மூன்றாவதில் மாமியார் விழுந்த திகதி.