பேசிக் கணக்கா, ஸ்டாண்டர்டா? படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்...

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் 55, 60 என்றுதான் வாங்குகிறாள். "பேசிக் எடுத்தால் 85க்கு மேல் வரும்" என்று சொல்லி, பள்ளியில் சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவளுக்கு இன்ஜினியரிங் ஆசை இருக்கிறது. பேசிக் எடுத்தால் பதினொன்றாம் வகுப்பில் கணக்குக் கிடைக்காமல் போய்விடுமா?

பதில்: சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் எளிதான பேசிக், கடினமான ஸ்டாண்டர்ட் என இரண்டு தாள்கள் உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ஜினியரிங் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஸ்டாண்டர்டையே எடுக்கச் சொல்லுங்கள். 55 மதிப்பெண் அதற்குத் தடையே அல்ல.

பேசிக் என்றால் பாடம் குறைவு என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். பாடம் குறைவதில்லை. புத்தகம் ஒன்று, அதே 14 பாடங்கள், வகுப்பும் ஒன்று, அகமதிப்பீட்டு 20 மதிப்பெண்ணும் ஒன்று. வேறுபடுவது 80 மதிப்பெண் வினாத்தாள் மட்டுமே. பேசிக் தாளில் 60 மதிப்பெண் நேரடிக் கேள்விகள். ஸ்டாண்டர்டில் அது 43. யோசித்து, பிரித்துப் பார்த்துப் போட வேண்டிய கணக்குகள் பேசிக்கில் 8 மதிப்பெண்ணுக்கு, ஸ்டாண்டர்டில் 18க்கு. உங்கள் மகள் தவிர்க்கப்போவது இந்தப் பத்து மதிப்பெண்ணைத்தான். பதினொன்றில் முதல் மாதமே கேட்கப்போவதும் அதே திறமையைத்தான்: சார்புகள், ரேடியனில் முக்கோணவியல், அடுத்துக் கலப்பெண்கள். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நிரூபணங்களையும் இருபடிச் சமன்பாட்டு வாக்கியக் கணக்குகளையும் "பேசிக்தானே" என்று விட்டுவிட்ட பிள்ளைகள் அங்கேதான் திணறுகிறார்கள்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி. பேசிக் எழுதியவர் பதினொன்றில் கணிதம் (குறியீடு 041) எடுக்க முடியாது என்பதுதான் 2019இல் இந்த இரட்டைத் தாளைக் கொண்டுவந்தபோது போட்ட விதி. பயன்பாட்டுக் கணிதம் (அப்ளைடு மேத்ஸ்) என்ற தனிப் பாடம் பின்னர் வந்தது, அதை எடுக்கலாம். கொரோனா காலத்தில் அதைத் தளர்த்தினார்கள். மாணவருக்குக் கணிதம் படிக்கும் திறன் உண்டு என்று பள்ளி முதல்வர் திருப்திப்பட்டால் 041 கொடுக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகும் அந்தந்தக் கல்வியாண்டுக்கு என்று நீட்டித்தார்கள். இதை வைத்துத்தான் "எல்லாம் பார்த்துக்கலாம்" என்று பள்ளியில் சொல்வார்கள். நம்பாதீர்கள். முதலாவது, அது ஆண்டுக்காண்டு தரப்படும் சலுகை. நிரந்தர விதியாக எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது, முடிவு முதல்வர் கையில். இன்று பேசிக் எடுக்கச் சொல்பவரே அடுத்த ஜூனில் "பேசிக் படித்த பெண்ணால் 041 முடியாது" என்று சொல்லலாம், அதைக் கேள்வி கேட்க உங்களிடம் எதுவும் இருக்காது. மூன்றாவது, வேறு பள்ளிக்கு மாறினால் பழைய முதல்வரின் வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. மதிப்பெண் பட்டியலில் 'பேசிக்' என்று அச்சாகியே வரும்.

குறியீட்டிலும் ஒரு குழப்பம். பத்தாம் வகுப்பு ஸ்டாண்டர்டின் எண்ணும் 041தான், பேசிக்கின் எண் 241. பதினொன்று, பன்னிரண்டில் பயன்பாட்டுக் கணிதத்தின் எண்ணும் 241! இரண்டு வெவ்வேறு பாடத்துக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் படிவத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? பயன்பாட்டுக் கணிதம் காமர்ஸ் படிப்பவர்களுக்கு நல்ல பாடம். வட்டி, வரி, புள்ளியியல் எல்லாம் உண்டு. ஆனால் அதில் வெக்டர் இல்லை, பொறியியலுக்குத் தேவையான முக்கோணவியல் இல்லை. அதை நம்பிப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வின் 200 கட்ஆஃபில் கணிதம் மட்டுமே 100, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு 50.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர்கள் நுழைவார்கள். "பேசிக் முடித்தவர்களுக்கு பிரிட்ஜ் கோர்ஸ், சான்றிதழ் தருகிறோம், 041 கிடைக்கும்" என்று பணம் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படிப்பட்ட தனியார் சான்றிதழை வாரியம் ஏற்பதில்லை. "பெயருக்குப் பள்ளி, படிப்பெல்லாம் எங்கள் கோச்சிங்கில்" என்பவர்கள் அதைவிட ஆபத்து. வருகைப்பதிவு 75 விழுக்காடு இல்லாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே எழுத முடியாமல் போகும்.

பள்ளிகள் பேசிக்கைத் தள்ளுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிள்ளை அல்ல, பள்ளியின் சராசரி. விளம்பரப் பலகையில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும்! பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி நுழைவுத் தேர்வு) தரவரிசையிலும் சேராது, நம் கலந்தாய்வு கட்ஆஃபிலும் சேராது. பதினொன்றில் குரூப் பிரிக்கும்போது மட்டும் பள்ளி அதைப் பார்க்கும். அதனால் 041க்கு எவ்வளவு மதிப்பெண் கேட்பார்கள் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வர் பட்டியலைப் பள்ளி வாரியத்துக்கு அனுப்பும்போதுதான் 041ஆ 241ஆ என்பது முடிவாகிறது. அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சிபிஎஸ்இ கல்விப் பிரிவின் இணையதளத்தில் ஸ்டாண்டர்ட் மாதிரி வினாத்தாளும் விடைக்குறிப்பும் இலவசமாக உண்டு. மூன்று மணி நேரம், 38 கேள்விகள், வீட்டிலேயே எழுத வையுங்கள். விடைக்குறிப்பை வைத்துப் படிக்குப் படி மதிப்பெண் போடுங்கள். 80க்கு 35 வந்தாலே போதும், தயங்காமல் ஸ்டாண்டர்ட். 25க்கும் கீழே என்றால் எந்தப் பாடத்தில் போகிறது என்று பாருங்கள். அல்ஜீப்ராவுக்கு 20, வடிவியலுக்கு 15, முக்கோணவியலுக்கு 12. இந்த மூன்றில் இரண்டைச் சரிசெய்தாலே தேர்ச்சி பயம் போய்விடும். பட்டியல் அனுப்பும் நாளில் அதன் நகலைக் கேட்டு வாங்கி, மகள் பெயருக்கு நேராக 041 என்று இருக்கிறதா எனக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.