இருக்கும் வரையா, வற்றும் வரையா?

அன்புள்ள சார்,

தங்கச்சிமடத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் மொழி சொல்லித்தருகிறேன். தமிழில் நானே குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் வைல் (while) பற்றி, "நிபந்தனை பொய்யாகும் வரை கட்டளைகள் திரும்பத் திரும்ப நிறைவேற்றப்படும், பொய்யானதும் உடனே நின்றுவிடும்" என்று இருக்கிறது. படித்துவிட்டுப் பாதிப் பேர் நிபந்தனையைத் தலைகீழாக எழுதுகிறார்கள். எதை மாற்றுவது?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

வம்பு செய்வது 'வரை'தான். வள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் 'தண்ணீர் இருக்கும் வரை இறை' என்றும் சொல்வோம், 'வற்றும் வரை இறை' என்றும் சொல்வோம். வாளி வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். வைலுக்கு அப்படியில்லை. அதற்கு வேண்டியது 'இருக்கும்': தண்ணீர் > 0. உங்கள் வாக்கியத்தின் முதல் பாதி பொய்யில்லை, ஆனால் 'வற்றும்' பக்கம் நின்று பேசுகிறது. எப்போது நிறுத்துவது என்று யோசித்து, பிள்ளை தண்ணீர் == 0, அதாவது 0-க்குச் சமம், என்று எழுதிவிடுகிறது. வள்ளம் நிறையத் தண்ணீர், நிபந்தனையோ முதலிலேயே பொய். ஒரு வாளிகூட இறைக்காமல் புரோகிராம் அடுத்த வேலைக்குப் போய்விடும். பிழைச் செய்திகூட வராது, அதுதான் கொடுமை.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் பைத்தான் நிபந்தனையைப் பார்க்கும். உண்மை என்றால் உள்ளே இருக்கும் வரிகளை ஒருமுறை செய்துவிட்டு, மறுபடி நிபந்தனைக்கு வரும். பொய் என்றால் வெளியேறும்." கொஞ்சம் நீளம், இருக்கட்டும். 'நிறைவேற்றப்படும்' என்றால் யார் செய்வது என்றே தெரிவதில்லை.

'உடனே' தகவல் பிழை, எடுத்துவிடுங்கள். சுற்றின் நடுவில் தண்ணீர் 0 ஆனாலும் அந்தச் சுற்றில் மிச்சமுள்ள வரிகள் ஓடும். அங்கேயே நிறுத்தத்தான் பிரேக் (break) என்ற கட்டளை இருக்கிறது.

அப்புறம் ஃபார் (for), பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றுவது. அதை எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சில் (range) ஆரம்பிக்காதீர்கள். விசைப்படகு கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனியை ஒரு பட்டியலில் போட்டு, ஒவ்வொன்றாக அச்சிடச் சொல்லுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரேஞ்சுக்கு வரும்போது மறுபடி அதே 'வரை' காத்திருக்கும். ரேஞ்ச்(1, 5) தருவது 1, 2, 3, 4 மட்டும். '1 முதல் 5 வரை' என்று எழுதினால் 5 உண்டு என்றுதானே படிப்போம்? ராமநாதபுரத்தில் பாம்பன் வரை டிக்கெட் எடுத்தவர் மண்டபத்திலேயே இறங்கிவிடுவாரா? '1-இல் தொடங்கி 5-க்கு முன்னால் நிற்கும்' என்று மாற்றுங்கள்.

திருத்திய தாளைத் தலைகீழாக எழுதிய பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து, மூன்று வாளித் தண்ணீருக்கு எத்தனை சுற்று என்று கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.