காற்றடிக்கும் பக்கம்

அன்புள்ள ஐயா,

கடந்த ஆவணியில் எனக்குத் திருமணம் நடந்தது. எட்டாம் நாள் தேனிலவுக்காகச் சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறினோம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஐந்து இரவுகள். பகல் முழுவதும் அறையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று சன்னல் இல்லாத உள்ளறையை எடுத்திருந்தேன். மதியம் முழுக்க வரிசை. ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டை வைத்து ஒரு கேலிக்கூத்து. ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியது, ஏழு மணிக்கெல்லாம் மனைவி வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாள். மாத்திரை இருந்த பெட்டியை ஊழியர்கள் ஒன்பது மணிக்குத்தான் அறை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று நான் மட்டும் விருந்துக்கும் நடன நிகழ்ச்சிக்கும் போய்விட்டுப் பன்னிரண்டரைக்குத் திரும்பினேன். அவள் பேசவில்லை. முதல் நாள் வீணாகிவிட்டது. இதைச் சகுனம் என்கிறாள் என் அத்தை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கடல் பயணத்தில் வாசிக்க ஏற்ற நூல்கள் சிலவற்றையும் சொல்ல வேண்டுகிறேன்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் நூல்கள். கப்பலில் தலை சுற்றும்போது வாசிக்கவே கூடாது. வாசித்தால் குமட்டல் கூடும். அந்தக் கேள்வி முடிந்தது.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் எங்கள் நாகப்பட்டினம் வீட்டுப் பரணிலிருந்து அம்மாவின் தகரப் பெட்டியை இறக்கினோம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பினாங்கு என்று எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் பாதி கிழிந்த ஒரு கப்பல் சீட்டு. பயணத்தின்போது இந்தப் பெட்டி தேவைப்படாது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டது. அந்தச் சீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான்கு நாட்களாக அந்தப் பெட்டி கூடத்தில் கிடக்கிறது, நானும் அதைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

வரிசையில் நின்றதை விடுங்கள். துறைமுகத்தில் குடிநுழைவுச் சோதனை இருக்கும், வரிசையும் இருக்கும். ஆனால் லைஃப் ஜாக்கெட் ஒத்திகையைக் கேலிக்கூத்து என்றது எனக்குப் பிடிக்கவில்லை. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு எந்தப் படகுக்குப் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்பே, அல்லது கிளம்பிய கையோடு, நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். அதைக் கேட்கத்தான் உங்களை நிற்க வைத்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் சிரிப்பு வராது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் மாண்டார்கள். அத்தோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடல் மயக்கம் யாருடைய பலவீனமும் அல்ல. காதுக்குள் உடலின் சமநிலையை அறியும் உறுப்பு ஒன்று இருக்கிறது. கப்பல் ஆடுகிறது என்று அது சொல்கிறது. கண்ணோ, எதிரே அசையாத சுவரைப் பார்த்து, ஒன்றும் ஆடவில்லை என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுவதில் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. டிராஃபல்கர் கடற்சண்டையை நடத்திய பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு அது வாழ்நாள் முழுக்க இருந்தது. பீகிள் கப்பலில் ஐந்தாண்டு கழித்த டார்வின் 1831 டிசம்பரில் கிளம்பிய கையோடு சுருண்டு படுத்தார். கடைசி வரை பழகவில்லை. குமட்டலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் நாசியா என்ற சொல்லே கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். உங்கள் மனைவிக்கு வந்ததும் அதே மயக்கம்தான், எட்டு நாள் கல்யாண அலைச்சலும் சேர்ந்து.

மருந்து எளிது. திறந்த தளத்துக்கு, கப்பலின் நடுப்பகுதிக்கு அழைத்துப் போய், தொடுவானத்தைப் பார்க்க வைக்க வேண்டும். கண்ணும் காதும் அங்கே சமாதானமாகிவிடும். மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் அது எங்கே தங்கும்? நீங்கள் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, துறைமுக வாசலில் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டீர்கள். சன்னல் இல்லாத அறையை எடுத்தீர்கள். அதாவது, தொடுவானமே தெரியாத ஒரு பெட்டிக்குள் அவளைப் படுக்கவைத்துவிட்டு விருந்துக்குப் போனீர்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பெட்டி ஒன்பது மணிக்கு வாசலுக்கு வந்தது என்கிறீர்கள். நீங்கள் அப்போது கீழே. அப்படியானால் எழுந்து போய்க் கதவைத் திறந்தது யார்? ஆடும் தரையில் அந்தப் பெட்டியை உள்ளே இழுத்தது யார்? குனிந்து பூட்டைத் திறந்து, உங்கள் சட்டைகளுக்கு அடியிலிருந்து மாத்திரையைத் தேடி எடுத்தது யார்? ஏழு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஐந்தரை மணி நேரம். கைப்பேசியில் சிக்னலும் போயிருக்கும், அம்மாவைக்கூடக் கூப்பிட முடியாது. அவள் பேசவில்லை என்று அரை வரியில் எழுதிவிட்டு, கட்டிய பணத்தைப் பற்றி ஒரு முழு வரி எழுதியிருக்கிறீர்கள். நடனம் நன்றாக இருந்ததா? அதையாவது எழுதியிருக்கலாம்.

கோபம் வருகிறது. ஆனால் உங்கள்மேல் மட்டும் அல்ல. எனக்கும் 29 வயதில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

அம்மாவுக்கு 1961 கார்த்திகையில் கல்யாணம். அப்பா மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். மூன்றாம் வாரமே நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறினார்கள். 1926-இல் கட்டிய கப்பல் அது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கப்பல் என்றால் ரஜூலாதான். (இப்போது 2023 அக்டோபரிலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் விடுகிறார்கள், நான்கு மணி நேரப் பயணம். நடுவில் பல மாதங்கள் நின்றது, மறுபடி ஓடியது.) ரஜூலா கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய், படகு அலையில் மேலே எழும் கணத்தில் ஏணியைப் பிடிக்க வேண்டும். கூறைப்புடவைக் கட்டோடு அம்மா அப்படித்தான் ஏறியிருக்கிறாள்.

டெக் பயணம். அறை கிடையாது. தகரப் பெட்டியைச் சுவர்போல வைத்து, பாய் விரித்தால் அதுதான் வீடு. இந்தப் பக்கம் ஒரு செட்டியார் குடும்பம், அந்தப் பக்கம் நாகூரிலிருந்து ஒரு வயதான அம்மாள், மகனிடம் போகிறவர். அப்பா அதற்கு முன்பு மூன்று முறை போய்வந்தவர். படகில் வரும்போதே, பயப்படாதே, எனக்குக் கடல் பழக்கம் என்று சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்தில் அவர் அம்மாவிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதானாம்.

இருட்டுவதற்குள் அப்பா விழுந்துவிட்டார்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டி சுக்கு, எலுமிச்சம்பழம், உப்பு நார்த்தங்காய் எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள். பழக்கப்பட்டவர் அல்லவா, அப்பா சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். பாத்திரப் பெட்டி மேலே பாயருகே இருந்தது; சுக்கு இருந்த பெட்டி, பயணத்தில் தேவைப்படாது என்ற சீட்டோடு கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விட்டது. பினாங்கு போய்ச் சேரும் வரை அது கைக்கு வராது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா படுத்துக் கிடந்தார், யாருக்கும் தெரியக் கூடாதாம். மொத்த டெக்கும் அதே நிலையில் கிடந்தது.

நாகூர் அம்மாள்தான் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டார். இந்தா பெண்ணே, நகத்தால் கீறி முகரக் கொடு. பிறகு ஒரு பாடமும் சொன்னாராம். அம்மா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, அந்த அம்மாளைப் போலவே கையை வைத்துக் காட்டுவாள்.

கணவன் பெயரைச் சொல்லக் கூடாது. மாமா என்று கூப்பிட வாய் வரவில்லை. இரவு முழுக்க அம்மா செம்பும் எலுமிச்சம்பழமுமாக அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்குக் கொஞ்சம் முன்பு அவர் திடீரென்று எழுந்து, தள்ளாடி, கம்பியைப் பிடித்துக் குனியப் போனார். அம்மா பின்னாலேயே ஓடினாள்.

உங்கள் அத்தையின் கணக்குப்படி இது எவ்வளவு பெரிய சகுனம்! அவர்கள் 43 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். நன்றாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், நிறையச் சண்டை போட்டார்கள். அதில் கப்பலுக்குப் பங்கு ஒன்றும் இல்லை. அத்தையிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், வாந்தி வந்தால் வாந்தி என்று.

ஆனால் மனைவியிடம் கேளுங்கள், அந்த ஐந்தரை மணி நேரம் எப்படிப் போனது என்று. விளக்கம் சொல்லாமல் கேளுங்கள். உள்ளறை விலை குறைவு என்ற பேச்சை எடுக்காதீர்கள். அவள் சொல்லி முடித்த பிறகு எனக்கு எழுத வேண்டியதில்லை.

அன்று அந்தக் கம்பியருகே என்ன சொன்னாய் என்று அம்மாவிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பாவிடம் அவளாக வாய் திறந்து பேசிய முதல் வாக்கியம் அது, நாகூர் அம்மாள் கற்றுக்கொடுத்தது.

"இந்தாருங்கள், காற்றடிக்கும் பக்கம் குனியாதீர்கள். நம் மேலேயே வரும்."

அதற்கு அப்பா என்ன சொன்னார்?

"என்ன சொல்வார்? பக்கம் மாறிக் குனிந்தார்" என்பாள்.